பாஸ்க் நாட்டில் எட்டு இரவுகள்: கிழமை பார்த்துப் போடும் பயணத் திட்டம்

பாஸ்க் நாட்டுக்கு டிக்கெட் போடும் முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதைக் கிழமைதான் முடிவு செய்கிறது. கெர்னிகாவில் திங்கட்கிழமை சந்தை. ஒர்திசியாவில் புதன்கிழமை சந்தை. பில்பாவோவின் குகன்ஹைம் அருங்காட்சியகம் கோடைக்காலம் தவிர்த்த மாதங்களில் திங்களன்று பெரும்பாலும் திறக்காது. சான் செபாஸ்டியனில் பெயர் பெற்ற பார்கள் பலவற்றுக்கு ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை. ஒயின் ஆலைகளில் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆள் இருப்பது அரிது. இதைக் கவனிக்காமல் திங்கட்கிழமை இரவு சான் செபாஸ்டியனில் போய் இறங்கினால், இறக்கிய ஷட்டர்களைத்தான் பார்க்க முடியும். கீழே உள்ள திட்டம் சனிக்கிழமை இறங்கி அதற்கடுத்த ஞாயிறு திரும்புகிறவர்களுக்கானது. பில்பாவோவில் மூன்று இரவு, சான் செபாஸ்டியனில் மூன்று இரவு, லாகுவார்தியாவில் இரண்டு இரவு.

பாஸ்க் நாடு என்பது தனி அரசு கொண்ட நாடல்ல. ஸ்பெயினின் வடக்கு ஓரத்திலும் அதை ஒட்டிய பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலும் பரவிக் கிடக்கும் நிலம். இந்தத் திட்டம் ஸ்பெயின் பக்கத்து மூன்று மாகாணங்களோடு நிற்கிறது: பில்பாவோ இருக்கும் பிஸ்காயா, சான் செபாஸ்டியன் இருக்கும் கிபுஸ்கோவா, ஒயின் விளையும் அராபா. பிரான்ஸ் பக்கத்து பயோன், எஸ்பெலெட் ஊர்களுக்குப் போக ஆசைப்பட்டால் இன்னும் மூன்று நாள் வேண்டும். அதையும் இதற்குள் திணித்தால் நாள் முழுவதும் பஸ்ஸிலேயே கழியும்.

எப்போது போவது

எங்கள் முதல் தேர்வு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. ஆப்பிள் சைடர் வீடுகளின் (புளிக்கவைத்த ஆப்பிள் மதுவோடு சாப்பாடு போடும் இடங்கள்) பருவம் ஜனவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிந்துவிடும். மார்ச்சில் போனால் அது கையில் இருக்கும். ஏப்ரல் பிறந்ததும் புது நெத்திலி வரத் தொடங்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஸ்பெயின் முழுவதும் ஊர் சுற்றக் கிளம்பும் வாரம் அது.

இரண்டாவது தேர்வு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். திராட்சை அறுவடை, காட்டுக் காளான், இதமான வெயில் எல்லாம் சேர்ந்து வரும். சைடர் வீடுகள் சில மட்டும் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறை வாடகை ஏறிவிடும், பார்களில் நிற்க இடம் இருக்காது. எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு வேண்டும். 'சிரிமிரி' என்று அவர்கள் சொல்லும் பொடித் தூறல் நனைக்கிற மாதிரியே தெரியாது, அரை மணியில் சட்டை ஈரமாகியிருக்கும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், எனவே இது ஸ்பெயின் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கோடைக்கால நெரிசலில் விசா மையங்களில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால், விமான டிக்கெட்டுக்கு முன்பே அந்த நேரத்தைப் பிடியுங்கள்.

சாப்பாட்டு நேரம்

மதியச் சாப்பாடு ஒன்றரை முதல் மூன்றரை வரை. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. மாலை ஆறு மணிக்குப் பசித்தால் உணவக அடுப்பு அணைந்து கிடக்கும். இந்த இடைவெளியைத் தாங்கத்தான் பின்ச்சோ இருக்கிறது. மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரையும், மாலை ஏழரை முதல் பத்தரை வரையும் பார் கவுன்ட்டர்களில் கிடைக்கும் சிறு பண்டம் அது. நம் ஊரில் நாலு மணிக்கு டீக்கடைக்குப் போய் நின்றபடி ஒரு வடையைக் கடித்துவிட்டு வருவது போலத்தான். ஒரு கடையில் ஒன்று, அடுத்த கடையில் இன்னொன்று.

மெனுவைப் படிக்க மூன்று எழுத்து விதிகள் போதும். பாஸ்க் மொழியில் டீ, எக்ஸ் இரண்டும் சேர்ந்து வந்தால் 'ச்ச'. எக்ஸ் தனியாக வந்தால் 'ஷ'. இஸட் வந்தால் அழுத்தமில்லாத 'ஸ'. உலகின் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழி இது. 'கைஷோ' என்றால் வணக்கம், 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்றால் நன்றி, 'அகுர்' என்றால் போய் வருகிறேன். இந்த மூன்றைச் சொன்னாலே கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரின் முகம் மாறும். மற்றதற்கெல்லாம் ஸ்பானிஷ் போதும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். 'கார்னே (இறைச்சி) இல்லாமல்' என்று கேட்டால் போதாது. கார்னே என்றால் அவர்கள் மனதில் மாட்டுக்கறித் துண்டு. பன்றித் தொடை ஹமோனும் டூனாவும் அந்தக் கணக்கில் வராது. காய்கறிக் கூட்டில் ஹமோன் பொடித்துப் போட்டிருப்பார்கள், உருளைக்கிழங்கு சாலட்டில் டூனா கலந்திருக்கும். சொல்ல வேண்டியது இது: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காடோ, நி ஹமோன், நி அதூன்' (இறைச்சி, மீன், ஹமோன், டூனா எதுவும் சாப்பிட மாட்டேன்). முட்டையும் வேண்டாம் என்றால் 'நி உவேவோ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். துணிந்து கேட்கக் கூடியவை: எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய கெர்னிகா பச்சை மிளகாய் (காரம் இருக்காது), வதக்கிய காளான், முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு தொர்த்தியா (தடித்த ஆம்லெட்). தொலோசா ஊரின் கறுப்பு அவரைக்கொட்டை ருசியானது, ஆனால் அது பெரும்பாலும் பன்றிக்கறியோடும் இரத்தத் தொத்திறைச்சியோடும்தான் வரும். மது அருந்தாதவர்கள் 'மொஸ்தோ' கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. எந்த பாரிலும் கிடைக்கும், கையில் அது இருந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

சனி, ஞாயிறு: பில்பாவோ

விமான நிலைய வாசலிலேயே ஏ3247 பஸ் நிற்கும். சுமார் 3 யூரோ. அரை மணிக்குள் நகரின் நடுவில் இறக்கிவிடும். நகரத்துக்குள் போனதும் பாரிக் என்ற பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் பதியாத அட்டையை ஒரு குடும்பமே பயன்படுத்தலாம், ஒருவர் தட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். தங்குவதற்குக் காஸ்கோ வியேஹோ என்ற பழைய நகரமோ அதற்கு எதிர்க்கரையோ வசதி. பழைய நகரத்தில் நள்ளிரவு வரை சத்தம் இருக்கும் என்பதால் உள்முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள்.

ஞாயிறு காலை குகன்ஹைம். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997ல் திறந்த கட்டிடம். இரும்பாலையும் கப்பல் பட்டறையும் நொடித்துக் கிடந்த நகரம் அதன் பிறகுதான் உலகின் கண்ணில் பட்டது. நேரக் குறியிட்ட டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துக்கொண்டு, திறந்ததும் உள்ளே போய், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். ஏனென்றால் ஞாயிறு மதியம் பிளாசா நுவேவா சதுக்கத்தைப் பார்க்க வேண்டும். நாற்புறமும் வளைவுத் தூண்கள், நடுவில் பழைய புத்தகமும் தபால்தலையும் விற்கும் ஞாயிறு சந்தை, தூண்களுக்குப் பின்னால் வரிசையாக பார்கள். தாத்தா முதல் பேரன் வரை குடும்பமாக வந்து நிற்பார்கள்.

முதல் பின்ச்சோ கில்டாவாக இருக்கட்டும். ஒரு பல்குச்சியில் பச்சை ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, இபார்ரா ஊரின் ஊறுகாய் மிளகாய் ஆகியவற்றைக் கோத்திருப்பார்கள். 1946ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் நாயகி பெயர் இதற்கு வந்துவிட்டது. பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்பதுதான் அந்தப் பெயருக்குச் சொல்லும் காரணம். மெல்ல மெல்லக் கடித்தால் வெறும் உப்புக் கரிக்கும். குச்சி முழுவதையும் ஒரே வாயில் உருவ வேண்டும். அப்போதுதான் மிளகாயின் வினிகர் நெத்திலியின் எண்ணெயை வெட்டும், ஆலிவின் கசப்பு கடைசியில் வந்து சேரும்.

இரவுக்கு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பகாலாவோ கேளுங்கள். காட் மீன் கருவாடு. ஒன்றரை நாளோ அதற்கு மேலோ தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவார்கள். 'பில்பில்' முறையில் செய்யும்போது பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய், மீன் இவ்வளவுதான். மாவோ பாலோ கிடையாது. ஆனாலும் தட்டில் வெள்ளைக் குழம்பு வரும். மீன் தோலிலிருந்து இறங்கும் பசையோடு எண்ணெய் கூடிக் கெட்டிப்படுவதுதான் அது. மண்சட்டியை மிதமான சூட்டில் விடாமல் சுழற்ற வேண்டும். சூடு ஏறினால் குழம்பு திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். உங்கள் தட்டில் ஓரம் ஓரமாக எண்ணெய் பிரிந்து கிடந்தால் சமையல்காரர் அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதையே 'விஸ்காயீனா' என்று கேட்டால் உலர்ந்த சிவப்பு மிளகாய்ச் சதையும் வெங்காயமும் சேர்ந்த குழம்போடு வரும். நம் நாக்குக்கு இது உடனே ஒட்டும்.

திங்கள்: கெர்னிகா

பில்பாவோவின் பழைய நகர நிலையத்திலிருந்து யூஸ்கோத்ரென் ரயில் கெர்னிகாவுக்குப் போகிறது. ஒரு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்குள் சந்தையில் இருங்கள், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கடைகளைக் கட்டிவிடுவார்கள். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வரும் மிளகாய், தக்காளி, அவரை, ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் வளர்த்தவர் கையாலேயே விற்பனையாகும். அக்டோபர் மாதக் கடைசித் திங்கள் ஆண்டின் பெருஞ்சந்தை. அன்று ரயிலில் கால் வைக்க இடமிருக்காது.

1937 ஏப்ரல் 26ம் ஒரு திங்கட்கிழமைதான். சந்தை நாள். அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் இந்த ஊரைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. சந்தையைப் பார்த்துவிட்டு அமைதி அருங்காட்சியகத்துக்குப் போங்கள், ஆனால் திங்களன்று அது திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேட்டில் இருக்கும் மன்றக் கட்டிடத்துக்கு ஏறுங்கள். அங்கே நிற்கும் ஓக் மரத்தடியில்தான் பிஸ்காயாவின் பிரதிநிதிகள் கூடினார்கள். அந்த நிலத்தின் உரிமைகளை மதிப்பதாக ஆட்சியாளர்கள் சத்தியம் செய்ததும் அங்கேதான். பட்டுப்போன பழைய அடிமரத்தை ஒரு தூண் மண்டபத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். குண்டுவீச்சில் அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குண்டுவீச்சைப் பற்றி பிக்காசோ வரைந்த ஓவியத்தைத் தேடி இங்கே வர வேண்டாம், மூலம் மாட்ரிட்டில் இருக்கிறது. இங்கே இருப்பது ஓடு பதித்த பிரதி.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் 241 படி ஏறிப் போகும் கஸ்தெலுகாச்சே கோயிலையும் அதே நாளில் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கார் இருந்தால் முடியும். பஸ்ஸை நம்பினால் முடியாது. கூட்டம் வரும் மாதங்களில் இலவச முன்பதிவும் தேவை.

செவ்வாய்: கெத்தாரியா

பெட்டியோடு கெத்தாரியாவுக்குப் போகக் கூடாது. அங்கே ரயில் நிலையமும் இல்லை, பெட்டி வைக்கும் இடமும் இல்லை. காலையில் பில்பாவோவிலிருந்து நேர் பஸ்ஸில் சான் செபாஸ்டியன் போய்விடுங்கள். ஒன்றேகால் மணி நேரம். யூஸ்கோத்ரென் ரயில் அதே தூரத்துக்கு இரண்டரை மணிக்கு மேல் எடுக்கும், அழகான பாதை என்பதற்காக ஏறி நேரத்தைத் தொலைக்காதீர்கள். ஹோட்டலில் பெட்டியை விட்டுவிட்டு, கெத்தாரியா பஸ்ஸைப் பிடியுங்கள்.

முதன்முதலில் உலகைச் சுற்றி வந்த கப்பலை 1522ல் கரை சேர்த்த ஹுவான் செபாஸ்டியன் எல்கானோ பிறந்த ஊர் இது. உடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவும் இந்த மீனவ ஊரில் பிறந்தவர்தான், அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் இங்கே வருவதற்குப் பெரிய காரணம் தெருவோரத்துக் கரி அடுப்பு. உணவகங்களின் வெளிச்சுவரை ஒட்டி அடுப்பு வைத்து, டர்பட் என்ற தட்டை மீனை முழுசாகக் கம்பி வலைக்கூண்டுக்குள் வைத்துச் சுடுவார்கள். எண்ணெய், வினிகர், உப்பு தவிர வேறொன்றும் சேராது. ஒரு மீன் இரண்டு பேருக்கு, எடைக்கு விலை, அது சாதாரண விலையல்ல. வைக்கும் முன்பே எத்தனை கிலோ, எவ்வளவு யூரோ என்று கேளுங்கள். தலையையும் துடுப்பை ஒட்டிய பசை பிடித்த பகுதியையும் விட்டுவிடாதீர்கள். ருசி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

கூடக் குடிக்க ச்சாக்கோலி. ஊருக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் மலைச்சரிவுகளில் விளையும் ஒந்தார்ராபி சூரி திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். புளிப்பு தூக்கலாக, நாக்கில் லேசாகக் குத்தும் வாயுவோடு இருக்கும். சாதாரண ஒயினைவிட மது அளவும் சற்றுக் குறைவு. பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, அடி அகலமான கிளாஸில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். கீழே விழுந்து உடையும்போது அடைந்து கிடக்கும் வாயு வெளியேறி, வாசனை எழும். இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவார்கள். குறைவாகத் தருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நிறைய ஊற்றி வைத்தால் துடிப்பு அடங்கி வெறும் புளித்தண்ணீர் ஆகிவிடும். ஆலையைப் பார்க்க விரும்பினால் முன்பதிவு செய்யுங்கள், ஏறிப் போகும் சாலை செங்குத்தானது.

சாப்பிட்டுவிட்டு சராவுட்ஸ் ஊருக்கு நடந்துவிடுங்கள். நாலு கிலோமீட்டர் போல. கடற்கரைச் சாலையை ஒட்டியே நடைபாதை, ஏற்றமே இல்லை. அலை பெரிதாக இருக்கும் நாட்களில் நடைபாதை வரை தண்ணீர் தெறிக்கும், அதனால் கேமராவைப் பையில் வையுங்கள். சராவுட்ஸிலிருந்து சான் செபாஸ்டியனுக்கு ரயில் உண்டு.

புதன்: காலையில் சீஸ், இரவில் சைடர்

சான் செபாஸ்டியனிலிருந்து ரென்ஃபே புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஒர்திசியா. இந்தப் புதன் சந்தைக்கு 1512ல் அரச உரிமை கிடைத்தது. தூண்கள் தாங்கும் கூரைக்கடியில் இன்றும் நடக்கிறது. கிபுஸ்கோவாவில் காய்கறிக்கும் சீஸுக்கும் என்ன விலை என்பதை இந்தச் சந்தையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

வாங்க வேண்டியது இதியசாபல் சீஸ். லாச்சா என்ற நீள முடி செம்மறியாட்டின் காய்ச்சாத பாலில் செய்து, குறைந்தது 60 நாள் பழுக்கவைப்பது. முதலில் புகையூட்டியதா, புகையூட்டாததா என்று கேளுங்கள். முன்பு மேய்ப்பர்கள் அடுப்பெரியும் குடிசையிலேயே சீஸை வைத்திருந்ததால் புகை ஏறியது, அந்த ருசி பிடித்துப்போய் இன்று தனியாகப் புகையூட்டுகிறார்கள். முதல்முறை வாங்குவோர் புகையில்லாததை எடுத்தால் பாலின் கொழுப்பும் மெல்லிய காரமும் தெளிவாகத் தெரியும். ஒரு துண்டு ருசி பார்க்கத் தருவார்கள். பயணத்துக்கு என்றால் 'அல் வாசியோ' என்று சொல்லுங்கள், காற்றில்லாமல் உறையிட்டுத் தருவார்கள். சைவர்களுக்கு ஒரு தகவல்: பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்ப்பது இந்தச் சீஸின் வழக்கம்.

திரும்பி வந்து ஒரு தூக்கம் போடுங்கள், இரவு பெரியது. நகரத்துக்கு வெளியே அஸ்திகர்ராகா, எர்னானி ஊர்களில் சகர்தோதெகி எனப்படும் சைடர் வீடுகள் இருக்கின்றன. டாக்சியில் கால் மணி நேரம். பருவத்தில் வெள்ளி, சனி இரவுகள் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். புதன்கிழமை என்றால் இடம் கிடைக்கும், அதனால்தான் இதை இங்கே வைத்திருக்கிறோம். திரும்பி வர டாக்சி எண்ணைப் போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். குளிராக இருக்கும், ஸ்வெட்டரும் பழைய ஷூவும் போட்டுப் போங்கள். தரையெல்லாம் சைடர் சிந்தியிருக்கும்.

சாப்பாடு மாறாத ஒரே வரிசை: காட் மீன் போட்ட ஆம்லெட், பச்சை மிளகாயோடு பொரித்த காட் மீன், ச்சுலேட்டா, கடைசியில் இதியசாபலும் குயின்ஸ் பழ அல்வாவும் வால்நட்டும். ஒருவருக்கு 40 யூரோ அளவில் ஆகும், சைடர் அதற்குள் அடக்கம். ச்சுலேட்டா என்பது வயதான மாட்டின் எலும்போடு கூடிய தடித்த துண்டு. கல்லுப்புத் தூவி, பெருந்தணலில் வெளியே கருக, உள்ளே செக்கச்செவேல் என்று வரும். இன்னும் வேகட்டும் என்றால் 'மாஸ் எச்சா' என்று சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்பதிவு செய்யும்போதே மீன் தருவார்களா என்று கேட்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் சமையலறையில் வேறு எதுவும் இருக்காது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து 'ச்சோச்!' என்று ஒரு குரல் வரும். பீப்பாயைத் திறக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லோரும் முள்கரண்டியை வைத்துவிட்டு கிளாஸோடு எழுந்து போவார்கள், நீங்களும் போங்கள். பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பீப்பாயின் சிறு துளையிலிருந்து நூல் போல ஒரு தாரை வளைந்து வரும். வரிசையில் நின்று, உங்களுக்கு முன்னால் இருப்பவர் விலகும்போதே கிளாஸைத் தாரைக்குக் கீழே, தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். கிளாஸைச் சாய்த்து, தாரை உள்பக்கச் சுவரில் அடிக்கும்படி பிடிக்க வேண்டும். அடியில் நேராக விழவிட்டால் நுரையும் வராது, வாசனையும் வராது. இரண்டு விரல் வந்ததும் தாரையோடு சேர்ந்து கிளாஸை மேலே தூக்கியபடி விலகுங்கள், அடுத்தவர் கிளாஸ் உங்கள் இடத்துக்கு வந்துவிடும். உடனே குடித்துவிட வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு கிளாஸை நிரப்பிக்கொண்டு மேசைக்குத் திரும்புவது. ஐந்து நிமிடத்தில் அது செத்துவிடும். இந்த சைடரில் இனிப்பே இருக்காது, நல்ல புளிப்பு. கொழுப்பேறிய இறைச்சிக்கு நடுவே ரசம் போல வாயைக் கழுவிவிடும். மது அளவு 6 சதவீதம் போல. குறைவு என்று நினைத்து ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்தால் இரவு முடியும்போது கணக்குத் தெரியும்.

வியாழன்: சான் செபாஸ்டியன்

காலையில் லா கோஞ்சா வளைகுடாவைச் சுற்றி நடங்கள், பசி எடுக்கும். பன்னிரண்டரைக்குப் பழைய நகரம்.

கவுன்ட்டரில் அடுக்கியிருப்பதையெல்லாம் ஒரே தட்டில் எடுத்துக் குவிப்பதுதான் இங்கே பெரிய தவறு. அங்கே இருப்பவை ஆறிய பண்டங்கள். அந்தக் கடையின் பெயரை வாங்கித் தந்தது பெரும்பாலும் சுவரில் தொங்கும் பலகையில் எழுதியிருக்கும், கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து, பரிமாறுபவரின் கண்ணைப் பிடித்து, முதலில் குடிக்க என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். 'சூரித்தோ' என்றால் சின்ன கிளாஸ் பீர். பிறகு பலகையிலிருந்து ஒன்று. அது வரும்வரை கவுன்ட்டரிலிருந்து ஒன்று. சாப்பிட்டு முடித்துக் கடைசியில் பணம். அடுத்த கடை. ஒரு பின்ச்சோ மூன்று முதல் ஐந்து யூரோ, நாலு கடை ஏறினால் ஒருவருக்கு 30 யூரோவுக்குள் வயிறு நிறைந்துவிடும்.

கன்பாராவில் காளானும் முட்டை மஞ்சள் கருவும். லா வின்யாவில் மேலே கருகி உள்ளே குழைந்திருக்கும் சீஸ்கேக், உலகமெங்கும் 'பாஸ்க் சீஸ்கேக்' என்று விற்பதன் தாய்வீடு. அங்கே ஒரு தட்டு கேட்டால் இரண்டு துண்டு வரும், இருவருக்கு ஒன்று போதும். மாலையில் ஆற்றைத் தாண்டி குரோஸ் பகுதிக்குப் போங்கள். வியாழன் மாலைகளில் அங்கே 'பின்ச்சோ போத்தே'. ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்து மலிவு விலைக்குத் தருவார்கள். பண்டம் எளிமையானதுதான். ஆனால் ஊர் இளைஞர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வியாழனை விட்டால் வழியில்லை.

வெள்ளி, சனி: லாகுவார்தியா

காலையில் பஸ்ஸிலோ ரயிலிலோ விட்டோரியா. அங்கே பழைய பேராலயத்தைத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அடித்தளம் முதல் கோபுரம் வரை பார்க்கலாம், முன்பதிவு தேவை. பிற்பகலில் லாகுவார்தியா பஸ். ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடுகிறது, நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். வாடகைக் கார் எடுப்பதானால் விட்டோரியாவில் எடுங்கள், ஓட்டுகிறவர் அன்று ஒயின் தொடக் கூடாது. இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

பஸ் எர்ரேரா கணவாயில் ஏறி இறங்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். இந்தப் பக்கம் பச்சை, மேகம், மழை. அந்தப் பக்கம் வறண்ட வெளிச்சம், கண்ணுக்கெட்டியவரை திராட்சை வரிசை. அட்லாண்டிக் மழையைக் கந்தாப்ரியா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. அந்தச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணில்தான் தெம்ப்ரானியோ திராட்சை நன்றாக விளைகிறது. ரியோஹா ஒயின் பகுதியின் பாஸ்க் பங்கு இதுதான், ரியோஹா அலவேசா.

லாகுவார்தியா மதிலுக்குள் இருக்கும் மேட்டு ஊர். தெருக்களுக்குக் கீழே பாறையைக் குடைந்த நிலவறைகள் ஊர் முழுவதும் ஓடுகின்றன. மேலே பாரம் ஏறக் கூடாது என்பதால் மதிலுக்குள் கார் வராது. பெட்டியை வாசலிலிருந்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வெள்ளி மாலை ஒரு நிலவறை ஆலை பாருங்கள், வெயில் காலத்திலும் கீழே மேல்சட்டை தேவைப்படும். சாந்தா மரியா தேவாலயத்தின் வண்ணம் மாறாத கல் வாசலை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், சுற்றுலா அலுவலகத்தில் நேரம் கேளுங்கள்.

சனிக்கிழமை இரண்டு ஆலைகள் போதும். காலை பத்தரைக்கு ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போயிருக்கும், காசுதான் தண்டம். ஒன்று பெரிய ஆலையாக இருக்கட்டும். 1858ல் தொடங்கிய மார்கேஸ் தே ரிஸ்கால் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி எல்சியேகோவில் இருக்கிறது, கெரி கட்டிய உலோகக் கூரை ஹோட்டலும் அதே வளாகம். மற்றொன்று குடும்பமே நடத்தும் சிறிய ஆலையாக இருக்கட்டும். அங்கே 'கொசெச்செரோ' கேளுங்கள். திராட்சையைக் காம்போடு முழுக் கொத்தாகத் தொட்டியில் போட்டுப் புளிக்கவைக்கும் இந்த வட்டாரத்துப் பழைய முறை, அந்த வருடத்திலேயே குடித்துவிடும் இளம் சிவப்பு ஒயின்.

பாட்டிலின் பின்புற முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் கிரியான்சா, இரண்டு வருடப் பழசு, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். ஒயின் நிறத்து முத்திரை ரெசெர்வா, மூன்று வருடம். நீலம் கிரான் ரெசெர்வா, ஐந்து வருடம். பச்சை என்றால் இந்தக் காலக்கணக்குக்குள் வராதது. அதை மட்டம் என்று ஒதுக்காதீர்கள், விதிப்படி காத்திருக்க விரும்பாத நல்ல ஆலைகளின் விலை உயர்ந்த ஒயினும் பச்சையில்தான் வரும். மதியம் இரண்டு மணிக்குத் திராட்சைக் குச்சி நெருப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகள். மாட்டிறைச்சி வேண்டாம் என்று புதனன்று மீனோடு நிறுத்தியவர்களுக்கு இந்தப் பயணத்தின் நெருப்புச் சமையல் இங்கே கிடைக்கும்.

ஞாயிறு பஸ் குறைவு, சனி இரவே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவுக்கு ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவர முடிவது 2 லிட்டர் மது. அதாவது இரண்டு பாட்டில். இரண்டையும் ரெசெர்வாவாக எடுங்கள், துணியில் சுற்றிச் சரக்குப் பெட்டியில் வைத்தால் பத்திரமாக வரும், சில வருடம் வைத்தும் குடிக்கலாம். ச்சாக்கோலியையும் சைடரையும் வாங்கி வர வேண்டாம்.